ஒரே வேளையில் நூறு பேர் வந்தால்...?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

"வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டினாற்போல" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். எரிகிற வீட்டின் வாசலில் நின்றுகொண்டு கடப்பாரையைத் தேடுகிறவனை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் நம் ஊரில் ஒரு பெரும் விபத்து நேர்ந்து, ஒரே வேளையில் நூறு பேர் மருத்துவமனை வாசலில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

2022ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் ஆடிப்பூரத் திருவிழாவில் தேர் கவிழ்ந்ததை இவ்வூரார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடம் பிடித்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களுமாகப் பலர் காயமுற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒரு பெண்மணி சில நாட்கள் கழித்து உயிரிழந்தார். அப்போது நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தோம். தேர் ஏன் கவிழ்ந்தது என்றுதான் தெருவெல்லாம் பேச்சு. காயமுற்றோர் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கியபோது மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நாங்கள் அன்று கேட்கவில்லை. இவ்வாண்டு எங்கள் ஜூனியர் ரெட்கிராஸ் குழுவில் அந்தக் கேள்வி எழுந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் செவிலியர். அவரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும், பள்ளி மைதானத்தில் நாங்களே செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

எது பேரிடர்?

நிறையப் பேர் இறந்தால்தான் பேரிடர் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது சரியன்று. வந்து சேரும் நோயாளிகளின் தேவை, அந்த நேரத்தில் அங்கே இருக்கும் கைகளையும் பொருள்களையும் மிஞ்சிவிட்டால் அதுவே அந்த மருத்துவமனைக்குப் பேரிடர். இரண்டு மருத்துவர் மட்டும் இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கவிழ்ந்த வேனிலிருந்து பதினைந்து பேர் வந்தாலே போதும். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்தப் பதினைந்து பேர் ஒரு கடினமான மாலைப்பொழுது, அவ்வளவுதான்.

நம்மைச் சுற்றியுள்ள ஊர்களே இதற்குச் சான்று. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். 2022 ஏப்ரல் 27இல் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். 2025 செப்டம்பர் 27 இரவு கரூரில் ஏற்பட்ட கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அன்றிரவு கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அண்டை மாவட்டங்களிலிருந்தும் மருத்துவர்களை அனுப்ப வேண்டியிருந்தது. இந்த மூன்று ஊர்களிலும் காலையில் விழித்தபோது அது ஒரு சாதாரண நாளாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம், திருவிழா, பொதுக்கூட்டம் ஆகிய மூன்றும் நம் ஊரிலும் இருக்கின்றன அல்லவா?

யாருக்கு முதலில்?

சாதாரண நாளில் மருத்துவமனையில் முதலில் வந்தவருக்கு முதலில் வைத்தியம். சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறோம். பேரிடர் நாளில் அந்த வரிசை உதவாது. லேசான காயம் உள்ளவர் தாமே ஆட்டோ பிடித்து முதலில் வந்து சேர்ந்துவிடுவார். குற்றுயிராய்க் கிடப்பவரைப் பிறர் தூக்கி வர வேண்டும். அவர் வருவதற்குள் படுக்கையெல்லாம் நிரம்பிவிடும்.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வழி கண்டார். நெப்போலியனின் படையில் பணியாற்றிய டொமினிக் ழான் லாரே என்னும் பிரெஞ்சு அறுவை மருத்துவர்தாம் அவர். தளபதியா, சிப்பாயா என்று பார்க்கவில்லை. காயத்தின் கடுமையைப் பார்த்து, கடுமையானவரை முதலில் கவனித்தார். போர்க்களத்திலிருந்து காயமுற்றோரை விரைந்து கொண்டுவரக் குதிரை வண்டிகளையும் அமைத்தார். இன்றைய ஆம்புலன்சுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

இப்படிப் பிரிப்பதற்கு 'டிரையாஜ்' என்று பெயர். 'பிரித்தெடுத்தல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. நம் பாட்டிமார் முறத்தில் அரிசி புடைக்கும்போது நொய், குருணை, முழு அரிசி என்று பிரிப்பார்களே, அது போன்றதுதான். ஆனால் அரிசியில் நல்லதைத் தேடுகிறோம். இங்கே மிகவும் துன்பப்படுகிறவரைத் தேடுகிறோம்.

இதற்கு நான்கு நிறங்கள் உண்டு.

சிவப்பு: உடனே உதவினால் பிழைப்பார்; தாமதித்தால் இறப்பார்.

மஞ்சள்: கடுமையான காயம், ஆனால் சிறிது நேரம் பொறுக்கலாம்.

பச்சை: நடக்க முடிகிறது, சிறு காயம், காத்திருக்கலாம்.

கறுப்பு: இறந்துவிட்டார், அல்லது அந்த நேரத்தில் அங்குள்ள வசதியைக் கொண்டு காப்பாற்ற இயலாதவர்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை உறவினரைப் பார்க்கப் போகும்போது கவனித்துப் பாருங்கள். சாதாரண நாளிலேயே இந்த முறை கைக்குப் பழகியிருந்தால்தான் பேரிடர் நாளில் தடுமாற்றம் இராது.

நிறத்தை எப்படி முடிவு செய்வது? 1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நியூபோர்ட் பீச் என்னும் ஊரில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து ஓர் எளிய முறையை வகுத்தன. ஒருவருக்கு ஒரு நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில், "நடக்க முடிந்தவர்கள் எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். வருகிறவர் எல்லாரும் பச்சை. எழாமல் கிடப்பவரிடம் சென்று மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் மூச்சுப் பாதையைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்திற்கு முப்பதுக்கு மேல் ஓடினால் சிவப்பு. நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் இரத்தம் திரும்பி நகம் சிவக்கவில்லை என்றாலும் சிவப்பு. "என் கையைப் பிடி" என்றால் பிடிக்கத் தெரியாதவரும் சிவப்பு. மற்றவர் மஞ்சள். பெரிய கருவி ஒன்றும் இதற்குத் தேவையில்லை.

வேப்பமரத்தடியில் நாங்கள் கற்ற பாடம்

இவ்வளவும் படித்துவிட்டோம், இனி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மைதானத்தில் ஓர் ஒத்திகை நடத்தினோம். முப்பது பேர் காயமுற்றோர். ஒவ்வொருத்தியின் தாவணியிலும் காயத்தின் விவரம் எழுதிய சீட்டு குத்தப்பட்டிருந்தது. பத்துப் பேர் உதவியாளர். அவர்கள் கையில் நிற ரிப்பன்கள். செவிலியர் அம்மாவும் வகுப்பாசிரியையும் கடிகாரத்துடன் ஓரமாக நின்றார்கள்.

மணி அடித்ததும் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. "ஐயோ, என் கால்!" என்று ஒருத்தி நன்றாக நடித்துக் கத்தினாள். நான்கு உதவியாளர்கள் அவளிடம் ஓடினோம். அவள் சீட்டில் 'கணுக்கால் சுளுக்கு' என்று இருந்தது. இன்னும் இருவர் தம் நெருங்கிய தோழியைத் தேடிப் போனார்கள். வேப்பமரத்தில் சாய்ந்து ஒருத்தி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். 'வயிற்றில் அடி, வேகமான மூச்சு, பேச்சு இல்லை' என்பது அவள் சீட்டு. பதினாறு நிமிடம் அவளிடம் யாரும் போகவில்லை. ஒத்திகை முடிந்ததும் அவள் எழுந்து வந்து, "நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். நான் கூப்பிடவில்லை, அதனால் யாரும் வரவில்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு மிகவும் வலித்தது.

அப்போது செவிலியர் அம்மா சொன்னார்: "பிள்ளைகளா, சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் போடாதவரைத் தேடிப் போங்கள்."

இந்தக் கட்டுரை முழுவதற்கும் பொருள் இந்த ஒரு சொல்தான். இரக்கம் எங்களிடம் இல்லாமல் இல்லை. பத்துப் பேரும் இரக்கத்தோடுதான் ஓடினோம். ஆனால் ஒழுங்கில்லாத இரக்கம் உரக்கக் கூப்பிடுகிறவரிடமே போய்ச் சேருகிறது. கூப்பிட முடியாதவருக்காகவே முன்னேற்பாடு வேண்டும்.

மருத்துவமனையின் முன்னேற்பாடுகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் நம் நாட்டில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007இல் மருத்துவ முன்னேற்பாட்டிற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நாங்கள் படித்தவற்றையும் கேட்டவற்றையும் ஐந்து தலைப்புகளில் தருகிறோம்.

1. தலைமை: "இது பேரிடர்" என்று அறிவிப்பவர் யார், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் தலைமை மருத்துவர் வந்து சேரும்வரை எவரும் காத்திருக்கலாகாது.

2. ஆள்: வீட்டில் இருக்கும் மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், மின்பணியாளர் ஆகியோரை அழைக்கத் தொலைபேசிப் பட்டியல் வேண்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டினால் போதாது. மாறிய எண்ணை அவ்வப்போது திருத்தவும் வேண்டும். வந்தவர் அனைவரும் ஒரே நேரத்தில் களைத்துவிடாதபடி பாதிப்பேரை அடுத்த முறைக்கு நிறுத்தி வைப்பதும் முன்னேற்பாடே.

3. இடம்: வீடு திரும்பும் அளவு தேறிய நோயாளிகளை அனுப்பிப் படுக்கைகளைக் காலி செய்ய வேண்டும். வராந்தாவையும் வெளிநோயாளர் கூடத்தையும் வார்டாக மாற்ற வேண்டும். நிறம் பிரிக்கும் இடம் வாசலிலேயே அமைய வேண்டும். ஆம்புலன்ஸ் ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போக வேண்டும். ஒரே வாசலென்றால் வண்டிகள் முட்டி நிற்கும்.

4. பொருள்: ஆக்சிஜன், இரத்தம், குளுக்கோஸ் பாட்டில், கட்டுத்துணி, ஸ்ட்ரெச்சர் ஆகியவை தனி அறையில், சாவி இருக்குமிடம் எல்லாருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும். காலாவதியான மருந்தை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

5. செய்தி: வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கட்டி ஏட்டில் பதிய வேண்டும். உறவினர் கேட்டு அறிய ஒரு மேசை தனியே வேண்டும். இல்லாவிட்டால் தாய்மார் வார்டு வார்டாக ஓடுவார்கள். மருத்துவர் நடக்கவும் வழி இராது. 2023 ஜூன் 2இல் ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில் விபத்துக்குள்ளாகி 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர் இன்னார் என்று அறியாமல் உறவினர் நாட்கணக்கில் அலைந்தார்கள். மரபணுச் சோதனை செய்தே பலரை ஒப்படைத்தனர். பெயர் எழுதும் ஏடும் மருந்தைப் போலவே அவசியமானது என்பதை இதனால் அறியலாம்.

இந்த ஐந்தையும் அழகாக எழுதிக் கோப்பில் கட்டி வைத்துவிட்டால் மட்டும் பயனில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். எங்கள் சிறு ஒத்திகையிலேயே எத்தனை தவறுகள் வெளிப்பட்டன!

மருத்துவமனைக்கே ஆபத்து வந்தால்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. நாங்கள் அப்போது மூன்றாம் வகுப்பு. சாய்ந்து கிடந்த தென்னைகளும், ஒடிந்த மின்கம்பங்களும், நாட்கணக்கில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டதும் இன்னும் நினைவில் உள்ளன. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டால் நாம் விசிறிக்கொண்டு இருந்துவிடலாம். அறுவை அரங்கிலும் குறைமாதக் குழந்தைகளின் வார்டிலும் அப்படி இருக்க முடியுமா? ஆகவே ஜெனரேட்டரும் அதற்கு வேண்டிய டீசலும் தண்ணீர்த் தொட்டியும் மழைக்காலம் தொடங்குமுன் சரிபார்க்கப்பட வேண்டும்.

ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது, அது இருக்கும் இடமும் முக்கியம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டர் நீரில் மூழ்கி மின்சாரம் நின்றது. நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற நேர்ந்தது. நீர் ஏறாத உயரத்தில் அதை வைக்க வேண்டும் என்பது அங்கிருந்து கிடைத்த பாடம்.

2011 டிசம்பர் 9 விடியுமுன் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. அங்கே எளிதில் தீப்பற்றும் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்தன. புகை மேல்மாடிகளுக்குப் பரவி ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். பெரும்பாலோர் எழுந்து ஓட முடியாத நோயாளிகள். அங்கே பணியில் இருந்த கேரளத்துச் செவிலியப் பெண்கள் இருவர் எட்டு நோயாளிகளைக் காப்பாற்றி, மீண்டும் உள்ளே சென்று புகையில் மூச்சுத் திணறி உயிர் நீத்தனர். உயிர் காத்தோர்க்கான உயரிய விருதை நம் நாடு அவர்களுக்கு அளித்தது. அவர்களை எண்ணும்போது எங்கள் தலை தாழ்கிறது. ஆனால் ஒரு கேள்வியும் எழுகிறது. அடித்தளம் காலியாக இருந்து, தப்பும் வழி தெளிவாக இருந்திருந்தால், அந்த இளம் பெண்கள் தம் உயிரைக் கொடுக்க வேண்டி வந்திருக்குமா? பிறருடைய தியாகத்தை நம்பி நம் கடமையை விட்டுவிடலாகாது.

நம் பங்கு

"இதெல்லாம் அரசாங்கமும் மருத்துவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியவை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். விபத்து நடந்த இடத்தில் முதலில் இருப்பவர் மருத்துவர் அல்லர், நாம்தான். பாலசோரிலும் கவிழ்ந்த பெட்டிகளிலிருந்து முதலில் மனிதர்களை மீட்டவர்கள் பக்கத்துக் கிராமத்தார். அன்றிரவே இளைஞர்கள் இரத்தம் கொடுக்க மருத்துவமனையில் வரிசையில் நின்றார்கள்.

இரத்தத்தைப் பற்றி நாங்கள் அறிந்த ஒரு செய்தி பெற்றோர்க்கு உரியது. கொடுத்த இரத்தத்தைச் சோதித்துப் பிரித்த பிறகே பயன்படுத்த முடியும். விபத்தின் முதல் மணி நேரத்தில் ஏற்றப்படுவது போன வாரம் யாரோ கொடுத்து வைத்த இரத்தம். முழு இரத்தம் சுமார் 35 நாட்களே கெடாமல் இருக்கும். எனவே விபத்து நாளில் எல்லாரும் ஒன்றாக ஓடுவதைவிட, ஆண்டு முழுவதும் முறை வைத்துக் கொடுப்பதே சிறந்தது. பதினெட்டு வயது நிறையாத நாங்கள் கொடுக்க முடியாது. ஆனால் எங்கள் இரத்த வகையை அறிந்து அடையாள அட்டையில் எழுதி வைக்கலாம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நினைவூட்டலாம்.

வேறு என்ன செய்யலாம்? 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்சை அழைத்து, இடம், அடையாளம், எத்தனை பேர் என்று நிதானமாகச் சொல்லலாம். இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை, தீ முதலிய ஆபத்து இல்லாதவரை, புரட்டித் தூக்காமல் இருக்கலாம். ஆம்புலன்சுக்கு வழி விடலாம். காயமுற்றோரைப் படம் எடுப்பதையும், மருத்துவமனை வாசலில் வேடிக்கை பார்க்கக் கூடுவதையும் கைவிடலாம். அங்கே சும்மா நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு ஸ்ட்ரெச்சருக்குத் தடை.

"உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே" என்ற அச்சமும் இனி வேண்டியதில்லை. சாலை விபத்தில் உதவியவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தம் செய்யப்பட்டுள்ளது. சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரத்திற்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

முடிவுரை

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் ஒத்திகை நடத்தினோம். ஒருத்தி மட்டும் தலைமை ஏற்றாள். "நடக்க முடிந்தவர்கள் எழுந்து மேடைப் பக்கம் வாருங்கள்" என்று குரல் கொடுத்தாள். பதினான்கு பேர் எழுந்து போனார்கள். மைதானம் திடீரென்று அமைதியாயிற்று. மீதமிருந்த பதினாறு பேரையும் எங்களால் எண்ண முடிந்தது. வேப்பமரத்தடியில் பேசாமல் இருந்தவளுக்கு இரண்டு நிமிடத்திற்குள் சிவப்பு ரிப்பன் கட்டினோம்.

ஆனால் அன்று ஒருத்தி தன் உயிர்த் தோழிக்கே கறுப்பு ரிப்பன் கட்ட வேண்டி வந்தது. சீட்டில் 'மூச்சு இல்லை. பாதையைத் திறந்த பின்னும் இல்லை' என்று இருந்தது. கட்டிவிட்டு அடுத்தவளிடம் போக வேண்டும். அவள் போகவில்லை, அங்கேயே அழுதுவிட்டாள். விளையாட்டுத்தானே என்று நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. செவிலியர் அம்மா அவள் தோளில் கை வைத்து, "கறுப்பு என்றால் வேண்டாம் என்று விட்டுவிடுவதில்லை அம்மா. உயிர் ஊசலாடுகிறவர் பக்கத்தில் ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொள்வார். கை ஓய்ந்ததும் மறுபடி வந்து பார்ப்போம். நிறம் மாறவும் மாறும். உதவிக்கு ஆட்கள் எவ்வளவு சேர்கிறார்களோ அவ்வளவுக்குக் கறுப்பு குறையும்" என்றார்.

கறுப்பு ரிப்பன்களைக் குறைப்பது நம் கையிலும் இருக்கிறது. நன்கு எழுதிய திட்டம், நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர், போன வாரம் கொடுத்த இரத்தம், வழிவிட்டு நின்ற கூட்டம், முதலுதவி தெரிந்த ஒரு பள்ளி மாணவி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கறுப்பைச் சிவப்பாக்கக் கூடும். எங்கள் வகுப்பில் சிலருக்குச் செவிலியராக வேண்டும் என்ற ஆசை முன்பே உண்டு. இப்போது அந்த எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆகாதவர்களும் முதலுதவியைக் கற்றுக்கொள்வோம். கூப்பிட முடியாதவர் ஒருவர் என்றாவது நம் கண்ணில் படுவார். அன்று பதினாறு நிமிடம் ஆகாதிருக்க இன்றே ஆயத்தமாவோம்!